ஆகாத வாசல்

எங்கள் சந்தில் வந்து அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. "ஆதாரம் வீடு" என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். யார் என்ன சொன்னாலும் "ஆதாரம் இருக்கா?" என்று கேட்கிற மனுஷன். மழை வரப்போகிறது என்றாலும் கேட்பார், பால் திரிந்துவிட்டது என்றாலும் கேட்பார். ஒருமுறை துக்க வீட்டில், செத்துப்போனவர் தங்கமான ஆள் என்று யாரோ சொன்னதற்கும் கேட்டுத் தொலைத்துவிட்டார். அன்றைக்கு அவரை அடிக்காமல் விட்டது அந்த வீட்டாரின் பெருந்தன்மை.

செத்த பேட்டரிக்கு உயிர் கொடுப்பது அவர் தொழில். பஸ்ஸிலிருந்தும் லாரியிலிருந்தும் கழற்றிய பேட்டரிகள் தள்ளுவண்டியில் வந்து அவர் வீட்டுக் கொல்லையில் இறங்கும். என் தையல் மெஷின் ஜன்னலோரம் இருக்கிறது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவர்கள் கொல்லை. நடுவில் ஒரு தகரத் தடுப்பு, அவ்வளவுதான். அந்த வீட்டில் நடப்பதை நான் ஒட்டுக்கேட்டதே இல்லை. காதைப் பொத்திக்கொண்டாலும் கேட்கும்.

ஆசிட்டைத் தொட்டியில் கவிழ்ப்பார். மேல்மூடியை ஒட்டியிருக்கிற தாரைச் சூடு காட்டி இளக்கி, இடுக்கி போட்டு உள்ளே இருக்கிற தகடுகளைக் கட்டாக மேலே இழுப்பார். வீணாய்ப்போன தகட்டைத் தரையில் தட்டினால் சாம்பல் நிறத்தில் சேறு உதிரும். அது காய்ந்தால் மாவு. அந்த மாவைத் துடைப்பத்தால் பெருக்கி மூலைக்குத் தள்ளுவார். பாதி மூலைக்குப் போகும், பாதி காற்றில் போகும். பிறகு ஈயத்தை இரும்புச் சட்டியில் போட்டுக் கரியடுப்பில் உருக்குவார். கசடை வழித்துவிட்டால் அடியில் பளபளவென்று கிடக்கும். அதை அச்சில் ஊற்றும்போது மட்டும் அவர் வாயைத் திறக்கமாட்டார். மற்ற நேரமெல்லாம் பேச்சுதான்.

அவர் மனைவியை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணிக்குக் கடவுள் பக்தி அதிகம். காலையில் கண் மூடி உட்கார்ந்தால் அடுப்பில் கஞ்சி பொங்கினாலும் எழுந்திருக்கமாட்டார். அண்ணன் தடுத்ததில்லை. "கும்பிட்டுக்க, கும்பிட்டுக்க, கஞ்சிய நான் பாத்துக்கறேன்" என்பார். கல்யாணமாகி வெகுநாள் பிள்ளையில்லாமல் இருந்து, ஒரு பெண் குழந்தை பிறந்தது. வேண்டுதல் பலித்தது என்றார் அண்ணி. லேடி டாக்டர் கொடுத்த மாத்திரை பலித்தது என்றார் அண்ணன். இதில் ஒரு சண்டையும் இல்லை, குழந்தை யார் பக்கம் பார்த்தாலும் சிரித்தது.

அந்தப் பாப்பா வாய் திறந்தால் மூடாது. இரண்டு வயது முடியும் முன்பே தகரத்தின் ஓட்டை வழியாக என்னைப் பார்த்து, "தைக்கிறியா? யாருக்குத் தைக்கிற? ஆதாம் இருக்கா?" என்று கேட்கும். அண்ணனுக்குப் பெருமை தாங்காது. ஈயம் படிந்த சட்டையோடு ஓடிப்போய்த் தூக்கி நெஞ்சில் போட்டுக்கொள்வார். பாப்பா மதியம் தூங்குவதே அந்தச் சட்டை மேல்தான்.

மாதத்துக்கு ஒருமுறை கேள்வி மன்றம் என்று அண்ணனும் அவர் கூட்டாளிகளும் தெருமுனையில் கூட்டம் போடுவார்கள். பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிற வாத்தியார்தான் தலைவர். நாலைந்து பேர் பேசுவார்கள். கூட்டம் காத்திருப்பது ஆதாரம் அண்ணனுக்காக. அவர் பேச்சில் கண்டக்டர் கட்டாயம் வருவார். கண்டக்டர் என்பவர் ரிட்டயரான பஸ் கண்டக்டர். ஒருநாள் கனவில் கடவுள் வந்து அருள் கொடுத்தாராம். அதிலிருந்து வாரம் ஒருநாள் வீட்டில் உட்கார்ந்து வருகிறவர்கள் தலையில் ஊதுவார், நோய் போய்விடும். "வேலையில இருந்தவரைக்கும் விசில் ஊதுனாரு, இப்ப தலையில ஊதுறாரு. அப்பவாவது ஊதுனா பஸ்ஸு நகந்துச்சு" என்பார் அண்ணன். தெருவே சிரிக்கும். கண்டக்டரிடம் ஊதிக்கொண்டு வந்தவர்களும் சேர்ந்துதான் சிரிப்பார்கள்.

பாப்பாவுக்கு மூன்று வயது நெருங்கும்போது சாப்பாடு குறைந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழும். முகம் வெளுத்துவிட்டது.

"என்னங்க, இன்னைக்கும் ஒரு வாய் எறங்கல" என்றார் அண்ணி தகரத்துக்கு அந்தப் பக்கம்.

"பூச்சியா இருக்கும்."

"பூச்சி மருந்துதான் குடுத்தாச்சே."

"அப்ப ரத்தம் கம்மி. டாக்டரே சொன்னாரில்ல. டானிக்க ஒழுங்காக் குடு."

"கொல்லையில உக்காந்து மண்ணத் திங்குதுங்க. செவத்த நக்குது."

"ரத்தம் கம்மியா இருந்தா மண்ணு திங்கத் தோணும். புத்தகத்துலயே இருக்கு."

"பேச்சும் கொறஞ்சு போச்சு. நேத்துலேர்ந்து 'தண்ணி'ன்னு கேக்கத் தெரியல, சொம்பக் காட்டுது. எனக்குப் பயமா இருக்குங்க."

"பயந்தா நோய் போயிடுமா? டானிக் குடு."

மூன்று டாக்டரிடம் காட்டினார்கள். ஒருவர் பூச்சி என்றார், ஒருவர் ரத்தம் என்றார், ஒருவர் பிள்ளைகள் சில சமயம் அப்படித்தான் இருக்கும் என்றார். அண்ணன் மூவர் சொன்னதையும் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அந்த வார்த்தையை அவர் காதுபடச் சொன்னால் எனக்கு உதை விழுந்திருக்கும்.

கடைசியில் அண்ணியின் அக்கா கிளம்பிவந்தார். ஆற்றுப்பாலத்துக்கு அந்தப் பக்கம் இஸ்திரிக் கடை வைத்திருக்கிறவர், இஸ்திரிப் பெட்டி தூக்கித் தூக்கி வலது தோள் மட்டும் இறங்கியிருக்கும். "உன் புருஷன் கேள்வி கேக்கறதுக்குள்ள புள்ள போய்ச் சேந்துரும். கெளம்பு" என்றார். அண்ணன் பேட்டரி எடுக்க வெளியூர் போயிருந்தார். துணைக்கு நானும் போனேன்.

கண்டக்டர் வீட்டு வாசலில் நல்ல கூட்டம். தலையைப் படிய வாரிக்கொண்டு, வெள்ளைச் சட்டையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பழக்கம் விடவில்லை. "உள்ள வாங்க, உள்ள எடம் இருக்கு, வழிய விட்டு நில்லுங்க" என்று கூட்டத்தை நகர்த்திக்கொண்டே இருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பாப்பாவின் தலையில் ஊதிவிட்டு, "யாரு வீட்டுப் புள்ள?" என்றார்.

அக்காதான், "பேட்டரிக்காரர் வீடுங்க" என்றார்.

கண்டக்டர் முகம் மாறியதை நான் பார்த்தேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, கூட்டம் மொத்தத்துக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"கடவுளையே கேலி பேசுற வீட்டுல புள்ளைக்கு எப்படிம்மா ஒடம்பு தங்கும்? அந்த வாசல் இதுக்கு ஆகாது. வாசல மாத்து. வேற எங்கயாச்சும் கொண்டுபோய் வச்சு வளத்துக்க. அவன் மூச்சுக் காத்தே படக்கூடாது."

அண்ணி அங்கிருந்து வீட்டுக்கே திரும்பவில்லை. பிள்ளையோடு நேராக அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்.

சும்மா சொல்லக்கூடாது, பாப்பா தேறியது. முதலில் வயிற்றுவலி நின்றது. பிறகு பசியெடுத்தது. இஸ்திரிக்கு வந்த துணிமூட்டை மேல் ஏறி உருளும், சூடாக மடித்து வைத்த சட்டையில் முகத்தை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரிக்கும். பேச்சு ஒவ்வொன்றாகத் திரும்பியது. லீவு நாளில் அண்ணன் குளித்து முழுகி, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு பார்க்கப் போவார். அவரைப் பார்த்ததும் "அப்பா, பேட்டி எங்க?" என்று பேட்டரியைக் கேட்டதாம். திரும்பி வந்து என்னிடம் அதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த நிமிஷமே முகம் கடுத்துப் போனது.

"டானிக் வேலை செய்யுது தங்கச்சி. நல்லாப் பாத்துக்க, இது டானிக்கு. ஆனா பேரு யாருக்குப் போவும்? அந்த விசிலுக்கு."

"யாருக்குப் போனா என்னண்ணே? புள்ள நல்லா இருக்கில்ல" என்றேன்.

"அப்படி விட்டுட்டா நாளைக்கு ஊருல எந்தப் புள்ளைக்கு ஒடம்பு சரியில்லன்னாலும் அங்கதானே தூக்கிட்டு ஓடுவாங்க? செத்துப் போவாதா?" அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அவர் கேட்பதில் எப்போதும் நியாயம் இருக்கும், அதுதான் தொல்லை.

ஊர் சும்மா இருக்கவில்லை. பேட்டரி கொடுக்க வருகிறவன்கூட, "என்ன அண்ணே, கண்டக்டர் டிக்கெட் குடுத்துட்டாராமே, பாப்பா வேற பஸ்ஸுல ஏறிடுச்சாமே" என்று சிரித்தான். மன்றத்து ஆட்கள் ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். வாத்தியார் கொல்லையில் பேட்டரிப் பெட்டி மேல் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டார்.

"ஊருக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணான்னு என் மூஞ்சிக்கு நேராக் கேக்குறாங்க. நான் என்ன பதில் சொல்றது?" என்றார் வாத்தியார்.

"என் பொண்டாட்டி போனா. நானா அனுப்புனேன்?"

"அதத்தான் சொல்றேன். வீட்டுக்காரம்மாவையே ஒத்துக்க வைக்க முடியல, தெருவ எப்படி ஒத்துக்க வைப்பீங்க?"

அண்ணன் வெகுநேரம் ஈயச்சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு கரண்டியை வைத்துவிட்டு, "ரெண்டு மாத்தம் ஒரே நேரத்துல நடந்திருக்கு. டானிக்கும் அப்பத்தான் ஒடம்புல புடிச்சிருக்கும், வீடும் மாறுச்சு. எது வேலை செஞ்சுதுன்னு எப்படிச் சொல்றது? ஒண்ண மட்டும் பழையபடி மாத்திப் பாக்கணும்" என்றார். "டானிக்க நிறுத்தாம, புள்ளைய இந்த வாசலுக்கே கொண்டு வரேன். நல்லா இருந்தா விசில் பொய்."

"இதுதான் விஞ்ஞானம்" என்றார் வாத்தியார். எழுந்துபோகும்போது துண்டை நன்றாக உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அடுத்த கூட்டத்தில் அண்ணன் மைக்கில் அதை அறிவித்தார். "என் பொண்ணையே வச்சு நிரூபிக்கிறேன்" என்றார். கைதட்டினார்கள். மறுநாள் இஸ்திரிக் கடைக்குப் போய்ப் பாப்பாவைத் தூக்கினார். அண்ணி காலில் விழுந்தாராம். அக்கா இஸ்திரிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே வழிமறித்தாராம்.

"தம்பி, சொல்றதக் கேளு. உனக்குக் கண்டக்டர ஜெயிக்கணும்னா அந்தாளு கூட மல்லுக்கட்டு. இதுக்குப் புள்ளைய ஏன் எடுக்கற?"

"என் புள்ள என் வீட்டுல இருக்கறதுக்கு யாரக்கா அனுமதி குடுக்கணும்?"

பாப்பா அப்பா தோளில் குஷியாக வந்தது. அண்ணி செருப்பைக்கூட மாட்டாமல் பின்னால் நடந்து வந்தார்.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. சும்மா தூறிவிட்டுப் போகிற மழை இல்லை, கொல்லையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. கரியடுப்பு நனைந்தால் வேலை ஓடாது. அடுப்பையும் சட்டியையும் தூக்கி வீட்டுக்குள் பின்னறையில் வைத்துக்கொண்டார். தகடு தட்டுவதும் அங்கேயேதான். சாரல் அடிக்கிறதென்று ஜன்னல்களை அடைத்திருந்தார்கள். என் பக்கத்துக்கே அந்தப் புகை வந்து நாக்கில் ஒரு மாதிரி தித்தித்தது. பாப்பா பின்னறை வாசலில் உட்கார்ந்து அப்பா உருக்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

மழை விடும் முன்பே வயிற்றுவலி திரும்பிவிட்டது.

"போதுங்க. உங்க சோதனையெல்லாம் போதும். நான் தூக்கிட்டுப் போயிடறேன்" என்றார் அண்ணி.

"மழைக் காலம், வயிறு மந்தம். ஊருல எல்லாப் புள்ளைக்கும் இருக்கு. ஒருதரம் வந்தத வச்சு முடிவு பண்ணக் கூடாது."

"எத்தன தரம் வரணும்?"

"கொஞ்சம் பொறு. பாதியில நிறுத்துனா சோதனையே இல்ல."

"சாப்பிட்டதெல்லாம் கக்குதுங்க."

"டானிக்கோட சேத்துக் குடுத்திருப்ப."

நான்கூட ஜன்னல் வழியாகச் சொன்னேன். "அண்ணே, புள்ள கண்ணு எங்கயோ பாக்குது. என்னன்னு பாருங்க."

"நீயுமா தங்கச்சி?" என்றார்.

மறுநாள் காலை பாப்பாவுக்கு வலிப்பு வந்தது. நான் துணி வெட்டிக்கொண்டிருந்தேன், அண்ணி கத்தியது கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் பின்னறை வாசலில் பிள்ளை விறைத்துக்கொண்டு கிடக்கிறது, வாயோரம் நுரை. அண்ணன் அப்படியே தூக்கிக்கொண்டு மழையில் ஓடினார். அண்ணியும் நானும் பின்னாலேயே ஓடினோம்.

பெரிய ஆஸ்பத்திரியில் அன்றைக்கு இருந்தது சின்ன வயதுப் பெண் டாக்டர். பிள்ளைக்கு ஊசியெல்லாம் போட்டு, ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு வந்து நின்றார். அதுவரை எந்த டாக்டரும் கேட்காததைக் கேட்டார்.

"அப்பா என்ன வேலை பாக்குறீங்க?"

"பேட்டரி ரிப்பேருங்க."

"எங்க வச்சு?"

"வீட்டுலதாங்க. கொல்லையில. இப்ப மழைங்கறதால உள்ள அறையில."

"ஈயம் உருக்குறதும் உள்ளயா?"

"ஆமாங்க."

டாக்டர் அவர் முகத்தையே பார்த்தார். "வாயத் தொறங்க."

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க, பாப்பாவுக்குத்தான்..."

"தொறங்க."

உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு ஓரமாக மையால் கோடு இழுத்த மாதிரி நீலம் ஓடியிருந்தது. தினமும் அந்தச் சிரிப்பைப் பார்க்கிறவள் நான், ஒருநாளும் கவனித்ததில்லை.

"வயித்துவலி உண்டா?"

"அது கேஸுங்க. ரொம்ப நாளா இருக்கு."

"கேஸ் இல்ல. ஈயம் உங்க ஒடம்புல ஏறியிருக்கு. ரிசல்ட் வந்தா உறுதியாத் தெரியும், ஆனா இந்தக் குழந்தைக்கும் அதான். உங்க சட்டையில, கையில, தரையில இருக்கிற தூசி. அது தித்திக்கும், குழந்தைங்க நக்கும். வயிறு, ரத்தம், அப்புறம் மூளை." அண்ணி பக்கம் திரும்பினார். "எப்பவாவது அந்த வீட்ட விட்டு வெளிய இருந்தாளா?"

"இருந்தாளுங்க. எங்க அக்கா வீட்டுல."

"அங்க எப்படி இருந்தா?"

"நல்லா இருந்தா. சாப்புட்டா. பேசுனா."

"நல்லாத்தானே இருந்தா, அப்புறம் ஏன் திரும்பக் கூட்டிட்டு வந்தீங்க?"

அண்ணிதான் பதில் சொன்னார். "அவருக்கு ஆதாரம் வேணும்னாருங்க."

ரிசல்ட் வந்தது. டாக்டர் சொன்னதேதான். உயிருக்குப் பயமில்லை என்று ஆன பிறகு உட்கார வைத்துப் பேசினார். மூளையில் நடந்தது நடந்ததுதான், இடது கால் இழுக்கும், பேச்சு எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது. ஆனால் உடம்பில் இன்னும் ஈயம் இருக்கிறது. அதை வெளியேற்ற மாத்திரை இருக்கிறது, விட்டுவிட்டு மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மறுபடி வலிப்பு வரலாம், அடுத்த வலிப்பு எப்படி முடியும் என்று தெரியாது. "முக்கியமா ஒண்ணு. குழந்தை இனிமே அந்த வீட்டு வாசல மிதிக்கவே கூடாது."

அண்ணி பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "இதத்தான் கண்டக்டர் ஐயா அன்னைக்கே சொன்னாரு" என்றார்.

அண்ணன் அன்றைக்கே அடுப்பை உடைத்துப் போட்டார். சட்டி, அச்சு, பேட்டரி எல்லாவற்றையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். வீட்டுத் தரையை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துக் கை புண்ணாகிவிட்டது. பழைய இரும்புக் கடையில் மூட்டை தூக்கப் போனார். அதெல்லாம் யார் கேட்டார்கள்? மாத்திரையோடு இஸ்திரிக் கடை வாசலில் போய் நின்றபோது அண்ணி உள்ளேயே விடவில்லை. என்னைத் துணைக்குக் கூட்டிப்போயிருந்தார்.

அண்ணி மாத்திரையை மோந்து பார்த்துவிட்டுத் தூக்கி எறிந்தார். அழுகின முட்டை நாற்றம்.

"இந்தப் பீநாத்தத்தையா புள்ள வாயில போடச் சொல்றீங்க?"

"அந்த மாத்திரைக்கு அதான் வாசனை. டாக்டரம்மாகிட்ட நீயே கேளு. இது உள்ள போனாத்தான் ஈயம் வெளிய போவும்."

"உங்க டாக்டருங்க பூச்சின்னாங்க. ரத்தம்னாங்க. ஒருத்தராவது வாசல மாத்துன்னாங்களா? ஒருத்தர்தான் சொன்னாரு. அவரு பேச்சக் கேட்டேன், புள்ள எழுந்து வெளையாடுச்சு. உங்க பேச்சக் கேட்டேன், புள்ள கால இழுத்துக்கிட்டு வருது. நீங்கதானே கணக்குப் பாக்கறவரு? பாத்துச் சொல்லுங்க. யாரு பக்கம் ஆதாரம் இருக்கு?"

"அவன் சொன்ன காரணம் தப்பு. அவனுக்கு ஈயத்தப் பத்தி ஒரு எழவும் தெரியாது. என்னத் திட்டணும்னு சொன்னான், அது பொருந்திப் போச்சு."

"காரணத்த வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? ஊறுகா போடவா?"

"நான் தப்புப் பண்ணிட்டேன். ஒத்துக்கறேன். என்ன அடி, செருப்பால அடி. மாத்திரைய மட்டும் குடு."

"கண்டக்டர் ஐயா குடுக்கச் சொன்னா குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். அக்கா இஸ்திரியை நிறுத்தவே இல்லை. அதற்கப்புறம் அண்ணன் போனபோதெல்லாம் கதவு சாத்தியே இருந்தது. நான் மாத்திரையைக் கொண்டுபோய்க் கெஞ்சினேன், என்னையும் திருப்பி அனுப்பினார். டாக்டரே சொல்லியனுப்பினார், அண்ணி ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை. இதற்கிடையில் ஒரு சின்ன வலிப்பு வந்து போனதென்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள்.

அண்ணன் வாத்தியாரிடம் போனார். "அடுத்த கூட்டத்துல எல்லாத்தையும் சொல்லிடறேன். நான் எங்க கோட்ட விட்டேன்னு சொல்றேன். டானிக்கு, விசில் தவிர மூணாவதா ஒண்ணு இருக்கும்னு நான் தேடல, அதச் சொல்றேன். அவ காதுக்கும் போவும்" என்றாராம்.

"பைத்தியமா உங்களுக்கு?" என்றாராம் வாத்தியார். "கண்டக்டர் சொன்னது பலிச்சுதுன்னு நாமளே மைக்குல சொல்லணுமா? மன்றத்த இழுத்து மூடிட்டுப் போவ வேண்டியதுதான். கொஞ்ச நாளைக்கு நீங்க கூட்டத்துக்கு வராம இருங்க. அதான் நல்லது." அன்றைக்கு இந்த வாத்தியார்தான் விஞ்ஞானம் என்றவர். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஆள் தைக்கக் கொடுத்திருந்த சட்டைத் துணியை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டேன்.

அடுத்த வாரம் அண்ணன் என்னையும் கூட்டிப்போய்க் கண்டக்டர் வீட்டு வரிசையில் நின்றார். கூட்டம் முன்பைவிட இரண்டு மடங்கு. பேட்டரிக்காரர் வீட்டுக் கதை அக்கம்பக்கத்து ஊரெல்லாம் பரவியிருந்தது. அவரைப் பார்த்ததும் எல்லோரும் விலகி வழி விட்டார்கள். கண்டக்டர் மட்டும், "வரிசையில வா. இங்க எல்லாரும் ஒண்ணுதான்" என்றார். வெயிலில் நின்றே வந்தார். முன்னே வந்ததும் மாத்திரையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"இத நீங்க குடுக்கச் சொன்னா அவ குடுப்பா. புள்ள பொழச்சுக்கும்."

"கேள்வி கேக்கறவராச்சே. ஒண்ணும் கேக்கலியா?"

"இல்லைங்க."

"நீ மேடையில பேசுனதெல்லாம் என்னப்பா?"

"தப்புங்க."

"சத்தமா. பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கல."

"நான் பேசுனதெல்லாம் தப்பு" என்று கத்தினார். யாரோ சிரித்தார்கள். யாரோ அடக்கினார்கள்.

"கைய எப்படி வச்சுக்கிட்டுக் கேக்கணும்?"

மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்துவிட்டுக் கை கூப்பினார். அவர் கை கூப்பி நான் பார்த்ததே இல்லை. எப்படிச் சேர்ப்பதென்றே தெரியாதவர் மாதிரி விரல்கள் கோணலாக நின்றன.

கண்டக்டர் ஆள் அனுப்பி அண்ணியை வரவழைத்தார். அண்ணி வந்து ஒதுங்கி நின்றார். கண்டக்டர் மாத்திரையை வாங்கி மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். பிறகு அதில் ஊதினார்.

"கெட்டது ஓடணும்னா நாறத்தான் செய்யும். பயப்படாமக் குடும்மா. ஒருவேளகூட விடாத. மாசாமாசம் இங்க கொண்டு வரட்டும், நான் ஊதித் தரேன்." அண்ணனைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நிறுத்தி நிதானமாகச் சொன்னார். "ஆனா ஒண்ணு. இவன் கண்ணு அந்தப் புள்ள மேல படக்கூடாது. அதோட கண்ணும் இவன் மேல படக்கூடாது. பட்டா மருந்து விஷமாயிடும். அப்படிப் பட்டுதுன்னா அன்னைக்கே நிறுத்திடு."

அண்ணி தலையாட்டினார். கூட்டம் அண்ணனையே பார்த்தது. எந்த நேரமும் அந்தக் கேள்வியைக் கேட்பார் என்று நானும் காத்திருந்தேன். ஒருவேளை கண்டக்டரும்.

"சரிங்க" என்றார்.

மருந்து வேலை செய்தது. அக்கா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய் ரத்தம் கொடுத்துவிட்டு வருவார், அண்ணன் மறுநாள் தனியாகப் போய் ரிசல்ட்டைக் கேட்டுக்கொள்வார். குறைகிறது என்றால் அன்றைக்கு ஒரு வேளை கூடுதலாகச் சாப்பிடுவார். பாப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. பேச்சு கொஞ்சம் வந்திருக்கிறது. ஊர் கண்டக்டருக்கு மாலை போடுகிறது, அவர் வீட்டு வாசலில் நிழலுக்குப் பந்தல் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அண்ணனிடம் யாராவது, "இப்பவாவது நம்புறியாப்பா?" என்று கேட்டால், "நம்புறேங்க" என்பார். உண்மையைச் சொன்னால் அது அண்ணி காதுக்குப் போகும், மாத்திரை நின்றுவிடும். என்னிடம்கூட அவர் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

போன வாரம் தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டு வந்துகொண்டிருந்தேன். முன்னால் அண்ணன் போய்க்கொண்டிருந்தார், தலையில் இரும்பு மூட்டை. சந்து குறுகல். பேசிக்கொண்டே நடந்தோம். அப்போது முனை திரும்பி அண்ணியும் பாப்பாவும் வந்தார்கள். அண்ணி எங்களைக் கவனிக்கவில்லை, கீழே குனிந்து பாப்பாவின் செருப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். பாப்பா எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. அத்தனை மாதத்துக்கு அப்புறம் பத்தடி தூரத்தில் பிள்ளை. ஒரு பார்வை பார்த்திருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நான்கூடச் சொல்லப்போவதில்லை.

அண்ணன் மூட்டையைத் தடாலென்று இறக்கிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். நெற்றியைச் சுவரில் ஒட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

மூட்டை விழுந்த சத்தத்தில் அண்ணி நிமிர்ந்தார். சட்டென்று பிள்ளையைத் தூக்கி அதன் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டார். வேகமாக எங்களைத் தாண்டிப் போகும்போது பாப்பா தோளுக்குள்ளிருந்து, "ஆரு அது?" என்றது.

"ஆருமில்ல" என்றார் அண்ணி.

காலடிச் சத்தம் தேய்ந்து போனது.

"போயிட்டாங்கண்ணே" என்றேன்.

"தெரு திரும்பிட்டாங்களா?"

"திரும்பிட்டாங்க."

"நல்லாப் பாத்துச் சொல்லு தங்கச்சி. மாத்திரை இன்னும் பாக்கி இருக்கு" என்றார், சுவரைப் பார்த்தபடியே.